நீட்சியும் மீட்சியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

முன்னுரை

இழுத்தால் நீள்வதும், விட்டால் பழைய நிலைக்கே திரும்புவதும் சில பொருள்களின் இயல்பு. இவ்வியல்பை இயற்பியலில் மீட்சித்தன்மை என்கிறோம். இத்தன்மையைப் பெருக்கிக் காட்டும்படி மனிதன் செய்துகொண்ட எளிய கருவியே சுருள்வில். மை அழுத்துப் பேனா முதல் இரயில் பெட்டியின் சக்கரத் தொகுதி வரை அது இல்லாத இடம் அரிது.

வட சென்னையில் வாழும் நமக்கு இப்பொருள் அயலானதன்று. 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். எம்.ஆர்.எஃப். என்னும் டயர் நிறுவனத்தின் பிறப்பு அதுவே. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்தது. 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி லாரிகளையும் பேருந்துகளையும் உருவாக்கியது. அதே 1955-இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் வண்டியைச் செய்தது. பலூனின் ரப்பர், லாரியின் பட்டை, புல்லட் இருக்கையின் கீழுள்ள சுருள்வில் ஆகிய மூன்றும் மீட்சித்தன்மையின் மூன்று வடிவங்கள். இவற்றோடு 1881 முதல் இயங்கிவரும் சென்னைத் துறைமுகத்தையும், 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்தையும் சேர்த்துக்கொண்டால், நம் பாடநூலின் ஓர் அத்தியாயம் முழுவதும் நம் தெருக்களிலேயே விரிந்து கிடப்பதைக் காணலாம்.

ஆய்வுக்கூடத்தில் நாம் சுருள்வில்லின் விசையை அளக்கிறோம். ஆனால் வெளியுலகில் அது காப்பதும் கொல்வதும் தன்னுள் சேர்த்து வைத்த ஆற்றலாலேயே. விசை வேறு, ஆற்றல் வேறு. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹூக் கண்ட விதி

இங்கிலாந்தைச் சேர்ந்த இராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் தாம் கண்ட விதியை 1676-இல் வெளியிட்டார். ஆனால் பிறர் அதைத் தமதென்று கூறிவிடாதபடி, எழுத்துகளை அகரவரிசையில் கலைத்து அடுக்கி ஒரு புதிராகவே வெளியிட்டார். அதன் விடையை 1678-இல்தான் கூறினார். மீட்சி எல்லைக்குள், ஒரு சுருள்வில்லின் நீட்சி அதன்மேல் செயல்படும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அவ்விதி.

விசை = மாறிலி × நீட்சி

இங்கு மாறிலி என்பது சுருள்வில்லின் விறைப்பைக் காட்டும் எண். நம் ஆய்வுக்கூடத்துச் சுருள்வில் ஒன்றில் 100 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அது 4 செ.மீ. நீள்வதாகக் கொள்வோம். 100 கிராமின் எடை ஏறத்தாழ 1 நியூட்டன். எனவே மாறிலி, மீட்டருக்கு 25 நியூட்டன். 200 கிராமுக்கு 8 செ.மீ., 300 கிராமுக்கு 12 செ.மீ. என்று நீளும். வரைபடத் தாளில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். பெரும்பாலும் இத்துடன் நம் சோதனைப் பதிவேடு முடிந்துவிடுகிறது.

ஏன் திருப்பித் தள்ளுகிறது?

திண்மப் பொருளில் அணுக்கள் குறிப்பிட்ட இடைவெளியில் அமைந்துள்ளன. விலக்கினால் அவை ஒன்றையொன்று ஈர்க்கும், நெருக்கினால் விலக்கும். கோடானுகோடி அணுக்கள் ஒன்றுகூடித் தரும் இந்த எதிர்ப்பே நம் கைக்குத் தெரியும் மீட்புவிசை.

எஃகு எளிதில் நீளும் பொருள் அன்று. அதன் யங் குணகம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20,000 கோடி நியூட்டன். ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண இரும்புக் கம்பியை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இழுத்தாலே அது மீட்சி எல்லையைக் கடந்துவிடும். பின் எப்படிச் சுருள்வில் ஒரு சாண் நீளுகிறது? கம்பியைச் சுருட்டியதில்தான் சூட்சுமம் உள்ளது. சுருளை இழுக்கும்போது கம்பி நீள்வதில்லை. தன் அச்சைச் சுற்றி இம்மியளவு முறுக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்றின் சிறு முறுக்கமும் ஒன்றுசேர்ந்து கண்ணுக்குத் தெரியும் நீட்சியாகிறது.

ரப்பரின் கதை வேறு. அதன் மூலக்கூறுகள் சிக்கலான நூற்கண்டு போன்ற நீண்ட சங்கிலிகள். இழுத்தால் சிக்கல் பிரிந்து சங்கிலிகள் நேராகின்றன. விட்டால் வெப்ப இயக்கத்தால் மீண்டும் சிக்கிக்கொள்கின்றன. ஒரு ரப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். ரப்பர் தான் வாங்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக்கிவிடுகிறது. இக்குணம் துறைமுகத்தில் எவ்வாறு பயன்படுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சேமித்த ஆற்றல்

நம் சுருள்வில்லைக் கையால் மெதுவாக இழுப்போம். தொடக்கத்தில் விசை சுழி, 4 செ.மீ. நீண்டபோது 1 நியூட்டன். ஆகவே சராசரி விசை அரை நியூட்டன். வேலை என்பது சராசரி விசையை நீட்சியால் பெருக்கி வருவது. எனவே,

ஆற்றல் = ½ × மாறிலி × நீட்சி × நீட்சி

வரைபடத்தில் அந்த நேர்கோட்டின் கீழுள்ள முக்கோணத்தின் பரப்பே இவ்வாற்றல். 4 செ.மீ. நீட்சியில் 0.02 ஜூல், 8 செ.மீ. நீட்சியில் 0.08 ஜூல், 12 செ.மீ. நீட்சியில் 0.18 ஜூல். நீட்சி இரு மடங்கானால் விசையும் இரு மடங்குதான். ஆனால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. நீட்சி மும்மடங்கானால் ஆற்றல் ஒன்பது மடங்கு. இழுப்பவன் கைக்குத் தெரிவது விசை மட்டுமே. உள்ளே சேர்ந்துகொண்டிருக்கும் ஆற்றலின் பெருக்கத்தைக் கை உணர்வதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 1 நியூட்டன் எடை 4 செ.மீ. இறங்கியதால் அது இழந்த நிலையாற்றல் 0.04 ஜூல். சுருள்வில்லில் சேர்ந்ததோ 0.02 ஜூல். மீதிப் பாதி எங்கே போயிற்று? எடையைக் கையால் தாங்கி மெல்ல இறக்கியிருந்தால், அப்பாதியைக் கை வாங்கிக்கொண்டது. கையைச் சட்டென்று எடுத்திருந்தால், எடை 4 செ.மீட்டரில் நில்லாமல் 8 செ.மீ. வரை இறங்கி மேலும் கீழும் ஆடும். ஆடி ஆடிப் பாதி ஆற்றலை வெப்பமாக இழந்த பிறகே 4 செ.மீட்டரில் அமையும். ஆகவே திடீரென்று வைத்த பாரம், மெல்ல வைத்த பாரத்தைப்போல் இரு மடங்கு நீட்சியையும் இரு மடங்கு விசையையும் உண்டாக்கும். மூட்டையைத் தூக்கி எறியாதே, இறக்கி வை என்று மேஸ்திரி சொல்வதன் கணக்கு இதுவே.

லாரிப் பட்டை

எண்ணூர் விரைவுச் சாலையில் செல்லும் கன்டெய்னர் வண்டிகளின் அடியில் பார்த்தால், வில்போல் வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்டிருப்பது தெரியும். மேலே நீளமான மெயின் பட்டை; அதன்கீழ் வரிசையாகக் குட்டையாகிக்கொண்டே போகும் பட்டைகள். சுருள்வில்லில் கம்பி முறுக்கப்படுகிறது. இங்கே பட்டை வளைக்கப்படுகிறது. சேமிப்பது அதே மீட்சி ஆற்றலே. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகி, வண்டியின் ஆட்டம் விரைவில் அடங்குகிறது.

என் தந்தையார் லாரிப் பட்டறையில் பட்டை வேலை பார்ப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஹூக்கின் பெயரை அவர் கேட்டதில்லை. ஆயினும் தொழிலில் அவர் கடைப்பிடிக்கும் இரண்டு விதிகளை நம் பாடம் முழுமையாக ஆதரிக்கிறது என்பதைக் கண்டு வியந்திருக்கிறேன்.

முதல் விதி: கிளாம்ப் போட்டு இறுக்காமல் சென்டர் போல்ட்டைக் கழற்றக் கூடாது. வண்டியிலிருந்து இறக்கிய பின்னும் பட்டைகள் ஒன்றையொன்று அழுத்தியபடிதான் கட்டுக்குள் இருக்கின்றன. ஆகவே பாரம் ஏதும் இல்லாத கட்டிலும் ஆற்றல் உண்டு. போல்ட் விடுபட்டவுடன் அது ஒரு நொடியில் வெளிவரும்.

இரண்டாம் விதியை அவர் சொற்களிலேயே தருகிறேன்: “பத்த வச்ச பட்டை பாதி தூரம்தான்டா வரும்.” பட்டைக்குரிய எஃகில் சிலிக்கனும் மாங்கனீசும் கலந்திருக்கும். அதை ஏறத்தாழ 850 பாகை வெப்பத்தில் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் அதைவிடக் குறைந்த சூட்டில் பதப்படுத்துவார்கள். இப்பதம் பெற்ற எஃகு, சாதாரண இரும்பைப்போல் நான்கு மடங்கு தகைவைத் தாங்கி மீளக்கூடும். ஆற்றலோ தகைவின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. எனவே ஒரே கனஅளவில் 16 மடங்கு ஆற்றலைச் சேமிக்கும். முறிந்த பட்டையைப் பற்றவைத்தால் அவ்விடத்தில் பதம் கெட்டுவிடுகிறது. பார்வைக்கு முழுப் பட்டைதான். ஆனால் மீட்சி எல்லை அங்கு முன்போல் இல்லை.

அளவுக்கு மீறிய பாரம்

அளவுக்கு மேல் சரக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிடுவோம். ஒரு பட்டைக் கட்டு, வெறும் வண்டி நிலையிலிருந்து முழுவதும் தட்டையாகும் வரை 18 செ.மீ. தாழக்கூடியது என்று எடுத்துக்கொள்வோம். அனுமதித்த சரக்குக்கு அது 9 செ.மீ. தாழ்கிறது. பள்ளத்தில் விழும் அதிர்ச்சியை வாங்க இன்னும 9 செ.மீ. இருக்கிறது. சரக்கை ஒன்றரை மடங்கு ஆக்கினால் 13.5 செ.மீ. தாழும். எஞ்சியிருப்பது 4.5 செ.மீ. மட்டுமே.

இடைவெளி பாதியாயிற்று. ஆனால் வாங்கக்கூடிய அதிர்ச்சி ஆற்றல், சமநிலையிலிருந்து மேலும் தாழும் தொலைவின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அது பாதியாக அன்று, கால் பங்காகக் குறைந்துவிடுகிறது! “பாதி லோடுதானே அதிகம்” என்று ஓட்டுநரிடம் சொல்லி ஏற்றுபவர் இந்தக் கால் பங்கை அறிவதில்லை. மீதி அடி சட்டத்துக்கும் அச்சுக்கும் சாலைக்கும், முடிவில் ஓட்டுநரின் முதுகெலும்புக்கும் போய்ச் சேர்கிறது.

கப்பலைத் தாங்கும் ரப்பர்

இனித் துறைமுகத்துக்குச் செல்வோம். காசிமேட்டில் விசைப்படகுகளின் பக்கவாட்டில் பழைய டயர்கள் கட்டித் தொங்குவதை அனைவரும் பார்த்திருப்போம். ஒரு படகு மற்றொரு படகில் இடிக்கும்போது அந்த டயர் அமுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. பெரிய கப்பல்கள் அணையும் துறைமேடைகளில் இதே வேலையை ஃபெண்டர் எனப்படும் பெரிய ரப்பர் தாங்கிகள் செய்கின்றன.

50,000 டன் நிறையுள்ள ஒரு கப்பல், நொடிக்கு 10 செ.மீ. என்னும் ஆமை வேகத்தில் கரையை நெருங்குவதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 2,50,000 ஜூல். (கப்பலோடு சேர்ந்து நகரும் நீரையும் பொறியாளர்கள் கணக்கில் சேர்ப்பார்கள், எளிமைக்காக இங்கே விட்டுவிடுவோம்.) இவ்வாற்றல் முழுவதையும் ஒரு சுருள்வில் வாங்கிக்கொள்ள வேண்டும். அது அரை மீட்டர் அமுங்கக்கூடியதாயின், இறுதியில் எழும் விசை 10 இலட்சம் நியூட்டன். அதாவது ஏறத்தாழ 100 டன் எடைக்குச் சமம். விறைப்பான தாங்கியாக இருந்து 5 செ.மீ. மட்டுமே அமுங்கினால், விசை 1,000 டன் எடைக்குச் சமமாகிவிடும். கப்பலின் தகடோ, துறைமேடையின் சுவரோ அதைத் தாங்காது.

ஆகவே மென்மையான தாங்கி, குறைந்த விசையிலேயே நிறைய ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. மேலும் ரப்பர் ஒரு பகுதியை வெப்பமாக்கிவிடுவதால், கப்பலை அதே வேகத்தில் கடலுக்குத் திருப்பித் தள்ளுவதில்லை. மென்மை இங்கே காப்பாற்றுகிறது.

அறுந்த கயிறு

அதே மென்மை உயிருக்கு உலை வைக்கும் இடமும் அதே துறைமேடையில்தான் உள்ளது. அணைந்த கப்பலைக் கரையிலுள்ள பொல்லார்டு என்னும் இரும்புக் குற்றியோடு பெருங்கயிறுகளால் கட்டுகிறார்கள். அலையும் காற்றும் கப்பலை அசைக்கும்தோறும் கயிறு நீண்டு மீள்கிறது. கயிறும் ஒரு சுருள்வில்லே.

50 மீட்டர் நீளமுள்ள இரண்டு கயிறுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று எஃகு வடம், மற்றொன்று நைலான். இரண்டிலும் இழுவிசை ஒன்றே: 2,00,000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 20 டன் எடை. எஃகு வடம் நூற்றுக்கு ஒரு பங்கு நீள்வதாகக் கொண்டால், அரை மீட்டர் நீட்சி. ஆற்றல் 50,000 ஜூல். நைலான் நூற்றுக்குப் பத்துப் பங்கு நீள்வதாகக் கொண்டால், 5 மீட்டர் நீட்சி. ஆற்றல் 5,00,000 ஜூல். ஒரே விசை, ஆனால் பத்து மடங்கு ஆற்றல்! மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 10 டன் லாரியின் இயக்க ஆற்றலும் இதே 5,00,000 ஜூல்தான். அந்த லாரி அசையாத ஒரு கயிற்றுக்குள் ஒளிந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கயிறு அறுந்தால் இரு முனைகளும் அந்த ஆற்றலோடு பின்னோக்கிச் சாடும். செயற்கை இழைக் கயிறுகள் பெரும்பாலும் முன்னறிவிப்பு ஏதும் தராமல் அறும். பார்த்து விலக நேரமிராது.

இதிலிருந்து ஒரு பொது உண்மை கிடைக்கிறது. நீட்சி சமமானால் விறைப்பானதே அதிக ஆற்றலைச் சேமிக்கும். விசை சமமானால் மென்மையானதே அதிக ஆற்றலைச் சேமிக்கும். இரும்பு வடம் பொல்லாதது, நைலான் சாதுவானது என்னும் எண்ணம் தவறு.

2015 மார்ச்சில் வேல்ஸ் நாட்டின் சவுத் ஹூக் முனையத்தில் ‘சர்கா’ என்னும் எரிவாயுக் கப்பலைக் கட்டும்போது ஒரு கயிறு அறுந்து, கப்பல் அதிகாரி ஒருவரின் தலையில் அடித்துக் கடுங்காயம் உண்டாக்கியது. அக்கயிறு நீட்சி மிகக் குறைந்த வகையைச் சேர்ந்தது. ஆனால் அதன் முனையில் நீளும் தன்மையுள்ள ஒரு துண்டுக் கயிறு இணைக்கப்பட்டிருந்தது. முழு அமைப்பின் மீட்சித்தன்மையை அத்துண்டே கூட்டியிருந்தது என்று விசாரணை காட்டியது. பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு விதிகளும் திருத்தப்பட்டு, 2024 ஜனவரி 1 முதல் இத்தகைய கயிறுகளைச் சோதித்துப் பராமரிப்பது கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

முடிவுரை

சுருள்வில்லின் விசை நீட்சியோடு வளர்கிறது. அதன் ஆற்றலோ நீட்சியின் இருமடியோடு வளர்கிறது. பட்டை, ஃபெண்டர், கயிறு மூன்றிலும் நாம் கண்டது இந்த ஒன்றைத்தான்.

நம் கல்லூரியில் பயிலும் பலரின் தந்தையரும் அண்ணன்மாரும் துறைமுகத்திலும், படகுகளிலும், பட்டறைகளிலும் உழைப்பவர்கள். அவர்களிடம் நாம் சூத்திரம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று செய்திகளைச் சொன்னால் போதும். இறுகி நிற்கும் கயிற்றின் நேரிலும், அது வளைந்து செல்லும் இடத்தின் உட்புறத்திலும் நிற்க வேண்டாம். அறுந்த முனை எப்பக்கமும் சுழன்று வரக்கூடுமாதலால், கயிறு இறுகும்போது அந்தத் தளத்தையே விட்டு விலகி நிற்பது நல்லது. அழுந்தியோ வளைந்தோ இருக்கும் பட்டையைக் கட்டாமல் அவிழ்க்க வேண்டாம். தேய்ந்த கயிற்றையும் பற்றவைத்த பட்டையையும் கண்ணால் பார்த்து நல்லதென்று நம்ப வேண்டாம்.

சக மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஹூக் விதிச் சோதனையைச் செய்யும்போது, நேர்கோடு வரைந்து மாறிலியைக் கண்டவுடன் பதிவேட்டை மூடிவிடாதீர்கள். அக்கோட்டின் கீழுள்ள முக்கோணத்தின் பரப்பையும் கணக்கிட்டு எழுதுங்கள். நம் பேராசிரியப் பெருமக்களும் அதற்கென ஒரு கட்டத்தைச் சோதனைப் பதிவேட்டில் சேர்க்க அன்புகூர்ந்து ஆவன செய்ய வேண்டுகிறேன்.